நன்கொடையாளர் சொல்வது யார் மேஜைக்குப் போகிறது? பிரிட்டிஷ் அறநிறுவனங்களின் அனுபவம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2016 ஜனவரியில் பிரிட்டனில் ஒரு விசாரணை அறிக்கை வெளியானது. அறநிறுவனங்களின் நிதி திரட்டலை அப்போது கண்காணித்துவந்த ஃபண்ட்ரெய்சிங் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டு தயாரித்தது. பிரிஸ்டல் நகரில் வாழ்ந்த 92 வயது மூதாட்டி ஒருவரின் பெயரும் முகவரியும் எத்தனை அறநிறுவனங்களிடம் இருந்தன என்று அதில் எண்ணிப் பார்த்திருந்தார்கள். 99 நிறுவனங்கள். 2014-ஆம் ஆண்டில் மட்டும் அவருக்கு ஏறத்தாழ 466 கடிதங்கள் போயிருக்கலாம் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

முன்னாள் படைவீரர்களுக்காகப் பல பத்தாண்டுகள் தெருவில் நின்று பாப்பி மலர் விற்றவர் அவர். கேட்டால் கொடுக்கிறவர் என்று ஊரே அறிந்திருந்தது. 2015 மே மாதம் அவர் இறந்தபோது, கடிதங்களின் தொல்லைதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த முடிச்சைப் போட வேண்டாம் என்று குடும்பத்தினரே சொன்னார்கள். அவர்கள் சொன்னதை மதித்து, அந்த மரணத்தை இந்த ஆய்வுக்கு வெளியே வைத்துவிடுகிறேன். எனக்கு வேண்டியது அவருடைய தபால்பெட்டி சொல்லும் கணக்கு மட்டும்தான்.

466-ஐ 99-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நிறுவனத்துக்குச் சராசரியாக ஆண்டுக்கு ஐந்து கடிதம்கூட வரவில்லை. பல ஆண்டுகள் கொடுத்துவரும் ஒருவருக்கு ஆண்டுக்கு நான்கைந்து கடிதம் போடுவதை எந்த நிதி திரட்டும் அலுவலரும் அதிகம் என்று நினைக்கமாட்டார். ஆண்டறிக்கையோடு ஒன்று, கோடையில் ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, நடுவில் அவசர வேண்டுகோள் ஒன்று. ஒவ்வொரு அலுவலகத்திலும் கணக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. மொத்தத்தைப் பார்க்க முடிந்த ஒரே இடம் அந்த வீட்டின் வாசல். அங்கே என்ன நடக்கிறது என்று கேட்கும் வழக்கம் யாரிடமும் இல்லை.

பெயர் எப்படி இத்தனை இடங்களுக்குப் போனது என்பதையும் அறிக்கை பின்தொடர்ந்தது. அவருடைய விவரங்களை வைத்திருந்த நிறுவனங்களில் பத்தில் ஏழுக்கு அவை மூன்றாம் தரப்பிடமிருந்து வந்தவை. 24 நிறுவனங்கள் தாங்களே அவர் விவரங்களை மற்றவர்களிடம் பகிர்ந்திருந்தன. நடைமுறை இதுதான்: ஒரு நிறுவனம் தன் நன்கொடையாளர் பட்டியலில் ஒரு பகுதியை இன்னொன்றுக்குக் கொடுக்கும், பதிலுக்கு அதே அளவு பெயர்களை வாங்கிக்கொள்ளும். இதற்கு நடுவில் பட்டியல் தரகர்களும் உண்டு. சமீபத்தில் பணம் கொடுத்தவர், அடிக்கடி கொடுப்பவர், தபாலுக்குப் பதில் அனுப்புபவர் என்றால் அந்தப் பெயருக்கு மதிப்பு கூடும். அதாவது ஒருவர் எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாரோ, அவ்வளவு வேகமாக அவர் பெயர் பரவியது. இனி அனுப்ப வேண்டாம் என்று சொல்ல எல்லாக் கடிதங்களிலும் ஒரு கட்டம் கொடுத்திருந்த நிறுவனங்கள் மிகச் சில. மற்றவற்றுக்குத் தாமாகவே ஃபோன் செய்ய வேண்டும், அல்லது கடிதம் எழுத வேண்டும். 99 இடங்களுக்கு.

புகார்கள் எங்கே போயின?

இந்தத் துறையைக் கவனித்துவரும் எனக்கு இதில் முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். நன்கொடையாளர்கள் சும்மா இருக்கவில்லை. பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். புகார் எண்ணிக்கைகள் ஆண்டுதோறும் தொகுக்கப்பட்டு வெளியாகின. ஆனால் அவற்றைப் படித்த விதம் தவறு. கோடிக்கணக்கான கடிதங்களும் அழைப்புகளும் போகின்றன, அவற்றுக்கு வரும் புகார் மிகச் சிறு பங்கு, ஆகவே மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று முடிவுகட்டினார்கள்.

புகார் செய்கிறவர் யார் என்று யோசித்தால் இந்தக் கணக்கு நிற்காது. ஓர் அறநிறுவனத்தைப் பற்றிப் புகார் எழுதப் பலருக்கும் மனம் வராது. நல்ல காரியம் செய்கிறவர்களைத் திட்டுவதா என்ற தயக்கம் இருக்கும். கடிதத்தை மூடி வைப்பார்கள், அடுத்த முறை கொடுக்கமாட்டார்கள், அவ்வளவுதான். வயதானவர்கள் விஷயத்தில் இன்னொன்றும் நடக்கும். வந்த கடிதத்துக்கெல்லாம் ஏதாவது அனுப்பாவிட்டால் குற்ற உணர்வு. கொஞ்சம் அனுப்புவார்கள். அது அலுவலகத்தில் 'பதில் வந்தது' என்று பதிவாகும். அடுத்த பட்டியலில் பெயர் இன்னும் மேலே ஏறும். தொல்லைப்பட்டுக் கொடுத்ததும் விருப்பப்பட்டுக் கொடுத்ததும் தரவுத்தளத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

சொன்னவர்களின் சொல்லும் சேர வேண்டிய இடத்தில் சேர்வதில்லை. வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். காசோலை வரும் உறையில், படிவத்தின் ஓரத்தில், 'வருடத்துக்கு ஒரு கடிதம் போதும்' என்று பேனாவால் எழுதியிருப்பார்கள். அந்த உறையைப் பிரிப்பது பணத்தை வரவு வைக்கும் வெளி நிறுவனம். அவர்களுடைய திரையில் தொகைக்குக் கட்டம் உண்டு, தேதிக்கு உண்டு, எந்த வேண்டுகோளுக்கு வந்த பணம் என்பதற்கு உண்டு. ஓரத்தில் எழுதியதைப் பதிய இடம் இல்லை. வங்கி வழியாக மாதாமாதம் பிடிக்கும் தொகையை ஒருவர் நிறுத்தினால், வங்கியிலிருந்து ஒரு பட்டியல் வரும். அது கணக்குப் பிரிவுக்குப் போகும். அங்கே வரவு குறைந்ததைச் சரிசெய்து மூடிவிடுவார்கள். தொலைபேசியில் கோபமாகப் பேசியவரின் பேச்சு அழைப்பு மையத்தின் பதிவில் 'விருப்பமில்லை' என்ற ஒற்றைக் குறியீடாகச் சுருங்கும். அடுத்த ஆண்டுக்கு எத்தனை கடிதம், யாருக்கு என்று திட்டமிடுகிற அறையில் இவை மூன்றும் சேர்ந்து ஒரு நாளும் மேஜைக்கு வராது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று 2016 ஜனவரியில் இதே விஷயத்தைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, பொறுப்பை நேராக அறங்காவலர்கள் மேல் வைத்தது. எனக்கு அது சரியாகவே படுகிறது. நிதி திரட்டும் பிரிவுக்கு இலக்கு வைத்தது அவர்கள்தான். எவ்வளவு வந்தது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டார்கள். எப்படி வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

அதன்பின் நடந்தவை

சட்டமும் அமைப்பும் மாறிய கதையை வேகமாகச் சொல்லிவிடலாம். 2015 செப்டம்பரில் சர் ஸ்டூவர்ட் எதரிங்டன் தலைமையிலான மறுஆய்வு, பழைய சுயக்கட்டுப்பாட்டு முறை போதாது என்றது. 2016 ஜூலையில் ஃபண்ட்ரெய்சிங் ரெகுலேட்டர் என்ற புதிய அமைப்பு பொறுப்பேற்றது. அதே ஆண்டு வந்த சட்டம், பெரிய அறநிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கையிலேயே நிதி திரட்டல் பற்றி எத்தனை புகார் வந்தது என்று எழுத வேண்டும் என்றது. தனிநபர் விவரங்களின் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் 2016 டிசம்பரில் இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு 25,000 பவுண்டும் 18,000 பவுண்டும் அபராதம் விதித்தது. 2017 ஏப்ரலில் மேலும் 11 நிறுவனங்களுக்கு விதித்தது. நன்கொடையாளருக்குத் தெரியாமல் அவருடைய சொத்து, வருமானம் பற்றி ஆள்வைத்து விசாரித்தது, அவர் கொடுக்காத தொலைபேசி எண்ணை வேறு இடத்தில் தேடி எடுத்தது, விவரங்களை மற்றவர்களிடம் பகிர்ந்தது போன்றவைதான் குற்றம். அபராதத்தை ஆணையர் வேண்டுமென்றே குறைத்தே வைத்தார். கூடுதலாக விதித்தால் அதுவும் நன்கொடையாளரின் பணத்திலிருந்துதானே போகும்.

இவையெல்லாம் வெளியிலிருந்து வந்த அழுத்தம். சட்டம் கேட்பதற்கு முன்பே, சட்டம் கேட்டதைவிடக் கூடுதலாகத் தானே முன்வந்து செய்த ஒரு நிறுவனத்தைப் பார்ப்பதில்தான் எனக்கு ஆர்வம்.

உயிர்காப்புப் படகு நிறுவனத்தின் முடிவு

ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன், சுருக்கமாக ஆர்.என்.எல்.ஐ. 1824-இல் தொடங்கியது. பிரிட்டன், அயர்லாந்து கடற்கரைகளில் உயிர்காப்புப் படகுகளை நடத்துகிறது. படகில் ஏறிப் போகிறவர்களில் பெரும்பாலானோர் சம்பளமில்லாத் தொண்டர்கள். செலவு பெரும்பாலும் நன்கொடையில் நடக்கிறது. பொதுமக்களிடம் கைநீட்டுவதில் இந்த நிறுவனத்துக்குப் பழைய வரலாறு உண்டு. 1886-இல் ஒரு கப்பலைக் காப்பாற்றப் போன 27 படகுத் தொண்டர்கள் ஒரே இரவில் மாண்டார்கள். அந்தக் குடும்பங்களின் நிலையைப் பார்த்த சார்லஸ் மக்காரா என்ற ஆலை அதிபர், 1891-இல் மான்செஸ்டர் தெருக்களில் 'லைஃப்போட் சாட்டர்டே' என்ற பெயரில் படகுகளை ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் பணம் திரட்டினார். பிரிட்டனில் தெருவில் உண்டியல் குலுக்கும் வழக்கத்தின் தொடக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். பணக்காரர் சிலரை நம்பியிருந்த நிறுவனம் அன்றிலிருந்து ஆயிரக்கணக்கான சாதாரண மக்களின் நிறுவனமானது.

அப்படிப்பட்ட நிறுவனம் 2015 அக்டோபரில் ஓர் அறிவிப்பு செய்தது. 2017 ஜனவரி 1 முதல், 'எனக்கு எழுதலாம், அழைக்கலாம், மின்னஞ்சல் அனுப்பலாம்' என்று வாய்திறந்து சம்மதம் சொன்ன தனிநபர்களை மட்டுமே நிதி கேட்டுத் தொடர்புகொள்ளும். பேசாமல் இருந்தவரைச் சம்மதித்தவராகக் கணக்கில் எடுக்காது. பெரிய அறநிறுவனங்களில் இதை முதலில் செய்தது இவர்கள்தான். இதனால் ஐந்து ஆண்டுகளில் 3.56 கோடி பவுண்டு வருமானம் குறையலாம் என்ற தங்கள் கணிப்பையும் அவர்களே வெளியில் சொன்னார்கள்.

அந்தத் தொகையைச் சொன்னது எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. நன்கொடையாளரை மதிக்கிறோம் என்று எல்லா நிறுவனங்களும் சொல்லும். அந்த மதிப்புக்காக எவ்வளவு இழக்கத் தயார் என்று அறங்காவலர் கூட்டத்தில் ஒரு எண்ணைப் போட்டு, அதை ஒப்புக்கொண்டு, ஊரறியச் சொன்னவர்கள் அபூர்வம். எண் இருந்ததால்தான் முடிவு உறுதியாக நின்றது என்று நினைக்கிறேன். அடுத்த காலாண்டில் வரவு குறைந்தபோது யாரும் பதறிப்போய்ப் பழைய பட்டியலைத் தூசிதட்டி எடுக்க வேண்டியிருக்காது. குறையும் என்று முன்பே பேசியாயிற்று.

2016 முழுவதும் ஆதரவாளர்களிடம் கேட்கும் வேலை நடந்தது. எங்களோடு தொடர்பில் இருக்க விரும்புகிறீர்களா, எந்த வழியில் என்று கேட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சம்மதம் சொன்னார்கள். நிறுவனம் முதலில் எதிர்பார்த்ததைவிட இது மிகக் கூடுதல். பட்டியல் சுருங்கியது உண்மை. முன்பு கடிதம் போட முடிந்தவர்களில் கணிசமானோர் விடுபட்டார்கள். ஆனால் குறைவான பேருக்குப் போன வேண்டுகோளுக்குப் பதில் வந்த விகிதம் முன்பைவிட உயர்ந்தது. 'ஆம்' என்று சொன்னவருக்குத்தானே கடிதம் போகிறது.

இதை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடிப்பது நேர்மையாகாது. இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, இந்த நிறுவனத்தின் வருமானத்தில் பாதிக்கும் மேல் உயில் வழியாக வருகிறது. தபால் வேண்டுகோளை மட்டும் நம்பியிருக்கும் சிறிய அமைப்பால் இவ்வளவு பெரிய பள்ளத்தைத் தாண்ட முடியாது. இரண்டு, உயில் எழுதப்போகிற ஒருவர் சம்மதக் கட்டத்தை நிரப்ப மறந்துவிட்டால், அடுத்த இருபது ஆண்டுகள் அவரிடம் பேசவே வழியில்லாமல் போகலாம். அந்த இழப்பு ஐந்து ஆண்டுக் கணக்கில் தெரியாது. சட்டமும் தபாலுக்கு இவ்வளவு கடுமை கேட்கவில்லை. 2018 மே 25-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, நியாயமான காரணம் இருந்து, மறுக்க எளிய வழியும் கொடுத்தால் தபால் அனுப்பலாம். ஆகவே எல்லோரும் இதே விதியைக் காலத்துக்கும் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் ஓர் ஆண்டு முழுக்க உட்கார்ந்து லட்சக்கணக்கானோரிடம் 'உங்களுக்கு என்ன வேண்டும்' என்று கேட்டார்கள், வந்த பதிலின்படியே பட்டியலை வெட்டினார்கள். நான் மதிப்பது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

பாட்டன் கிராமத்தின் படிவம்

லட்சக்கணக்கான ஆதரவாளர்களோ பெரிய நிதியோ இல்லாமலும் இதைச் செய்ய முடியும் என்பதற்கு இன்னும் பழைய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் பாட்டன் கிராமம் என்று ஒரு சமூகக் குடியிருப்பு. கற்றல் குறைபாடு உள்ள பெரியவர்களும் மற்றவர்களும் ஒன்றாக வாழ்ந்து, பண்ணையிலும் பட்டறைகளிலும் ஒன்றாக வேலை செய்யும் இடம். கேம்ப்ஹில் வில்லேஜ் டிரஸ்ட் என்ற அறநிறுவனம் 1950-களில் இதைத் தொடங்கியது. 1980-களுக்குப் பிறகு இவர்கள் தபால் வழியாக நிதி திரட்டிய விதம் பிரிட்டிஷ் நிதி திரட்டும் வட்டாரத்தில் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. இவர்களோடு வேலை செய்தவர்களில் ஒருவர் கென் பர்னெட். நன்கொடையாளரோடு உறவை வளர்ப்பதே நிதி திரட்டல் என்ற கருத்தைப் பரப்பியவர்.

விஷயம் அந்தப் பதில் படிவத்தில் இருந்தது. வழக்கமான படிவத்தில் 10, 20, 50 பவுண்டு என்று கட்டங்கள் இருக்கும். பாட்டன் படிவத்தில் அவற்றோடு வேறு கட்டங்களும் இருந்தன. எனக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை மட்டும் எழுதுங்கள். செய்திமடல் அனுப்புங்கள், ஆனால் பணம் கேட்காதீர்கள். கிராமத்துக்கு வந்து பார்ப்பது பற்றிய விவரம் வேண்டும். உயிலில் எழுதுவது பற்றித் தெரிய வேண்டும். என் பெயரை வேறு நிறுவனங்களுக்குக் கொடுக்காதீர்கள். இனி எதுவும் அனுப்ப வேண்டாம். இந்த ரீதியில் ஆதரவாளரே தன் விருப்பத்தைக் குறித்து அனுப்பலாம்.

அந்தக் காலத்துக்கு இது துணிச்சலான காரியம். கேட்காமல் விட்டால் கொடுக்கமாட்டார்கள் என்பதுதான் அன்றைய பாடம், இன்றும் பல இடங்களில் அதுதான். 'பணம் கேட்காதீர்கள்' என்று ஒரு கட்டத்தை நாமே அச்சடித்துக் கொடுப்பதா என்று எந்தப் பொருளாளரும் கேட்டிருப்பார். ஆனால் பாட்டன் கிராமத்தின் ஆதரவாளர்கள் விசுவாசத்துக்குப் பெயர்போனவர்கள். வருடத்துக்கு ஒன்று போதும் என்று கேட்டவருக்கு ஒன்றுதான் வருகிறது. அவர் அதை எதிர்பார்த்துப் பிரிக்கிறார்.

இந்தப் படிவத்தில் எனக்குப் பிடித்தது, கருத்துக் கேட்பதற்கென்று தனியாக ஒரு கணக்கெடுப்பு தேவைப்படவில்லை என்பதுதான். பணம் வரும் அதே தாளில் விருப்பமும் வருகிறது. பணத்தைப் பதிகிறவரே விருப்பத்தையும் பதிகிறார். ஓரத்தில் பேனாவால் எழுதிய வாசகம் இப்போது கட்டத்துக்குள் வந்துவிட்டது, தரவுத்தளத்தில் அதற்கு ஓர் இடம் இருக்கிறது, அடுத்த பட்டியல் எடுக்கும்போது கணினி அதை மதித்தே ஆக வேண்டும். முன்னே சொன்ன அறுந்த இழை இங்கே ஒட்டிக்கொண்டது.

சரி, நாம் எங்கிருந்து தொடங்குவது?

2016-இல் சர் மார்ட்டின் லூயிஸ் தலைமையில், கென் பர்னெட் போன்றவர்களின் முயற்சியில், நன்கொடையாளர் அனுபவம் பற்றி ஒரு தனி ஆணையமே அமைந்தது. 2017-இல் அவர்கள் 500-க்கும் மேற்பட்ட பரிந்துரைகளை வெளியிட்டார்கள். நல்ல உழைப்பு. ஆனால் நாலு பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு 500 பரிந்துரை என்பது பரிந்துரையே இல்லாததற்குச் சமம். மேலே பார்த்த அனுபவங்களிலிருந்து சின்ன அமைப்புகூட எடுத்துக்கொள்ளக்கூடியவற்றைச் சொல்கிறேன்.

முதலில் விலகிப்போனவர்களைக் கேளுங்கள். கணக்கெடுப்பு நடத்தும் நிறுவனங்கள் பெரும்பாலும் இப்போது கொடுப்பவர்களுக்குத்தான் அனுப்புகின்றன. அதிலும் பிரியமானவர்கள்தான் நிரப்பி அனுப்புவார்கள். முடிவு எப்போதும் இனிப்பாகவே இருக்கும். மாதத் தொகையை நிறுத்தியவர்களின் வங்கிப் பட்டியல் கணக்குப் பிரிவுக்கு வந்த வாரமே, அதில் சிலரை ஒருவர் அழைத்துப் பேசட்டும். திரும்பக் கொடுங்கள் என்று அந்த அழைப்பில் கேட்கவே கூடாது. கேட்டால் அது விற்பனை அழைப்பாகிவிடும், உண்மை வராது. இவ்வளவு காலம் உதவியதற்கு நன்றி, நாங்கள் ஏதாவது சரியாகச் செய்யவில்லையா, அவ்வளவே. ஏற்கெனவே அழைக்க வேண்டாம் என்று சொன்னவரை இதற்காகவும் அழைக்கக் கூடாது.

விலகியவர்கள் சொல்லும் காரணங்களை ஆராய்ந்தவர் ஏட்ரியன் சார்ஜெண்ட் என்ற பேராசிரியர். கையில் பணமில்லை, வேறு காரியம் முக்கியமாகப் பட்டது என்பவை எதிர்பார்த்தவைதான். ஆனால் ஒரு பங்கினர் சொன்னது: நான் அந்த நிறுவனத்துக்குக் கொடுத்ததாகவே எனக்கு நினைவில்லை. இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். ஒருவர் பணம் கொடுத்திருக்கிறார், ரசீது போயிருக்கிறது, நன்றிக் கடிதமும் போயிருக்கும். அவர் மனதில் எதுவுமே பதியவில்லை. உங்கள் பணம் இந்த வேலைக்குப் போனது, அது இப்படி நடந்தது என்று அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம். சார்ஜெண்டின் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. 'திருப்தி' என்று சொன்னவர்களைவிட 'மிகவும் திருப்தி' என்று சொன்னவர்கள் மறுபடி கொடுக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு. கணக்கெடுப்பு முடிவில் இந்த இரண்டையும் கூட்டி '90 சதவீதம் திருப்தி' என்று அறிக்கை எழுதுகிறவர்கள், தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே வித்தியாசத்தைத் தாங்களே அழித்துவிடுகிறார்கள்.

அடுத்து, கேள்வியின் வடிவம். 'எங்கள் சேவையை ஒன்று முதல் பத்து வரை மதிப்பிடுங்கள்' என்றால் ஏழு என்று வரும். ஏழை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எத்தனை முறை எழுதலாம், எந்த வழியில், எதைப் பற்றி என்று கேட்டால் வருகிற ஒவ்வொரு பதிலும் ஒரு கட்டளை. அதைத் தரவுத்தளத்தில் அன்றே போடலாம். போட முடியாத கேள்வியைக் கேட்காமல் இருப்பதே நல்லது. ஏனென்றால் கேட்டுவிட்டுச் செய்யாமல் விட்டால், கேட்காததைவிட மோசமாகிவிடும். 'வருடத்துக்கு ஒருமுறை' என்று குறித்து அனுப்பியவருக்கு அடுத்த மாதமே வேண்டுகோள் போனால், அவர் இனி எதையும் குறித்து அனுப்பப்போவதில்லை.

'இனி எழுதாதீர்கள்' என்று சொன்னவரின் பெயரை என்ன செய்வது என்பதில் பலருக்கும் தெரியாத நுணுக்கம் ஒன்று இருக்கிறது. நல்லெண்ணத்தோடு அந்தப் பெயரைத் தரவுத்தளத்திலிருந்தே அழித்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து வேறு வழியில் அதே பெயர் வந்து சேரும், ஏதோ நிகழ்ச்சியில் கையெழுத்திட்ட தாளிலிருந்து. அழித்துவிட்டதால் கணினிக்கு அவர் புதியவர். மறுபடியும் கடிதம் போகும். பெயரையும் முகவரியையும் மட்டும் 'அனுப்பக் கூடாதவர்' பட்டியலில் தனியாக வைத்திருந்து, ஒவ்வொரு அனுப்புதலுக்கும் முன் அதோடு ஒப்பிட வேண்டும். இறந்தவர்களின் பெயருக்கும் இதே ஏற்பாடுதான். கணவரை இழந்தவருக்கு, அந்தக் கணவரின் பெயரிட்டு 'உங்கள் ஆதரவு தொடரட்டும்' என்று கடிதம் வருவதைவிடக் கொடுமையான தவறு இந்த வேலையில் இல்லை. அதைத் தெரிவித்தவருக்கு ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டுப் பதில் எழுத வேண்டும்.

கடைசியாக, யார் மேஜை என்ற கேள்வி. உறை பிரிக்கும் இடம், வங்கிப் பட்டியல், அழைப்பு மையக் குறிப்பு ஆகிய மூன்றையும் மாதம் ஒருமுறை ஒன்றாகப் படிக்க ஒருவர் வேண்டும். வெறுமனே படிக்க மட்டும் அல்ல, அடுத்த வேண்டுகோளை நிறுத்தவோ பட்டியலைக் குறைக்கவோ அவருக்கு அதிகாரம் வேண்டும். நிதி இலக்கு சுமக்கிறவரையே அந்த இடத்தில் உட்கார வைத்தால், மாதக் கடைசியில் எது ஜெயிக்கும் என்பது தெரிந்ததே. அவர் கெட்டவர் என்பதால் அல்ல. அவருடைய வேலை அப்படி அளக்கப்படுகிறது. ஆகவே இவர் நேராக அறங்காவலர் ஒருவரிடம் பேசக்கூடியவராக இருப்பது நல்லது.

பொத்தான் இருந்தும்

2017 ஜூலையில் ஃபண்ட்ரெய்சிங் பிரிஃபரன்ஸ் சர்வீஸ் என்ற ஏற்பாடு பிரிட்டனில் தொடங்கியது. இந்த அறநிறுவனம் எனக்கு எழுதக் கூடாது என்று யாரும் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்யலாம். முதியவர் ஒருவருக்காக உறவினரோ நண்பரோ பதிவு செய்யவும் வழி வைத்தார்கள். 2014-இல் அந்த பிரிஸ்டல் வீட்டில் இருந்திருக்க வேண்டிய வசதி. நிறுவனம் குறித்த நாட்களுக்குள் நிறுத்தியாக வேண்டும்.

ஓர் ஆண்டு கழித்து, 2018-இல், ஃபண்ட்ரெய்சிங் ரெகுலேட்டர் அமைப்பு 59 அறநிறுவனங்களின் பெயர்களை வெளியிட்டது. வந்த வேண்டுகோள்களை எடுத்துப் பார்த்து நடவடிக்கை எடுக்கத் தவறியவர்கள் அவர்கள். நன்கொடையாளர் சொல்லிவிட்டார், அமைப்பு அதை எழுத்தில் அனுப்பிவிட்டது, பெறும் முனையில் உறையைப் பிரிக்க ஆளில்லை. முறை எவ்வளவு நவீனமாக இருந்தாலும், ஒரு வேலைப் பட்டியலில் ஒருவர் பெயருக்கு நேரே இந்தப் பணி எழுதப்படாவிட்டால் அது யாருடைய பணியும் ஆகாது.

ஆண்டறிக்கையில் புகார் எண்ணிக்கையை எழுத வேண்டும் என்ற 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியை இந்தக் கோணத்திலிருந்துதான் நான் பார்க்கிறேன். அந்த எண்ணை அறங்காவலர்கள் கையெழுத்திட்டு வெளியிடுகிறார்கள், ஆகவே எங்கிருந்து வந்தது என்று ஒருமுறையாவது அவர்கள் கேட்டாக வேண்டியிருக்கிறது. எண் கூடினால் உடனே கவலைப்படத் தேவையில்லை. புகாருக்கான வழியைப் புதிதாகத் திறந்த ஆண்டில் எண் கூடத்தான் செய்யும். முன்பு ஓரத்தில் எழுதிப் போனதெல்லாம் இப்போது பதிவாகிறது. சின்ன எண்தான் என்னை யோசிக்க வைக்கும். லட்சம் கடிதம் அனுப்பிய ஒரு நிறுவனம் புகார் 0 என்று அச்சிட்டிருந்தால், அதன் கடிதம் ஒன்றை வாங்கி, புகார் சொல்வதற்கான தொலைபேசி எண் எந்தப் பக்கத்தில், எந்த எழுத்தளவில் இருக்கிறது என்று முதலில் தேடுவேன். பிறகு அந்த எண்ணை அழைத்து, மறுமுனையில் எடுப்பவரிடம் குறிப்பெழுத இடம் இருக்கிறதா என்று கேட்பேன்.